பொம்மைச் சட்டைக்கு என்ன கூலி?

(வாடிப்பட்டி வட்டாரக் குழு உறுப்பினர்களுக்கான தையல் பயிற்சியின் நிறைவு நாளில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. பேசியபடியே தந்திருக்கிறோம்.)



அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "வாழ்வாதாரத் தொழில்களில் பெண்களின் பங்கு". இந்தத் தலைப்பில் நான் எத்தனையோ மேடையில் பேசிவிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். போன வருஷம் நான் ஒத்துக்கொண்டு வந்த 12 ரூபாயைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களுக்கு அந்தக் கதை தெரியும். அவர்கள் சிரிப்பதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். புதிதாகப் பயிற்சி முடித்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

மதுரை டவுனில் ஒரு கடைக்காரர். கைவினைப் பொருட்கள் விற்கிறவர். கடையின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது. அவர் ஒரு பொம்மையைக் கொண்டு வந்து காட்டினார். 12 அங்குல உயரம். உடம்பு வெள்ளைப் பருத்தித் துணி. உள்ளே போடி பக்கத்து இலவம் பஞ்சு. தலைமுடி வாழைநார். பிளாஸ்டிக் ஒரு பொட்டுக்கூட இல்லை. பார்த்தவுடன் எனக்கே கையில் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது. "பொம்மை இன்னொரு இடத்தில் செய்கிறோம் மேடம், சட்டையும் பாவாடையும் உங்க குழு தைத்துக் கொடுக்குமா? துணியும் பேட்டர்னும் நாங்க தர்றோம், செட்டுக்கு 12 ரூபாய், 200 செட்" என்றார்.

நான் கையால் அளந்து பார்த்தேன். சட்டை என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. சின்னதுதானே, ஒரு அக்கா ஒரு நாளைக்கு இருபது, முப்பது தைத்துவிட மாட்டார்களா என்று நினைத்தேன். குழுவில் யாரிடமும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்கடன் 500 ரூபாய் கொடுப்பதற்கு ஏழு பேர் உட்கார்ந்து பேசித் தீர்மானம் எழுதுகிறோம். 200 செட் வேலையை நான் ஒருத்தியாகத் தலையாட்டி வாங்கி வந்தேன்.

அந்தக் கதைக்குப் போகும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "பொம்மைக்குத் துணி தைப்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை" என்று பயிற்சியின் முதல் நாள் சிலர் சொன்னீர்கள். அது அப்படியில்லை. பனம்பழம் சூப்பிப் போட்ட கொட்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் நார் தலைமுடி மாதிரி நிற்கும். அதைக் கழுவிக் காயவைத்து, சீப்பால் சீவி, தாடி வைத்த சாமியாராக்கி, கிழிந்த வேட்டித் துண்டைச் சுற்றி விளையாடாதவர்கள் இங்கே எத்தனை பேர்? சோளத்தட்டையில் கை கால் வைத்து, அம்மாவின் ரவிக்கைத் துண்டைக் கட்டி விடவில்லையா? நார்ப்பொம்மை என்று இன்றைக்குக் கடையில் வைத்து விற்பதைத்தான் நாம் காசில்லாமல் விளையாடினோம். கொலு வைக்கிற வீடுகளில் செம்மரத்தில் செய்த மரப்பாச்சி இருக்கும், ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. நவராத்திரி வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கு வருஷா வருஷம் புதுத்துணி உடுத்திவிடுவார்கள். விளாச்சேரிக் களிமண் பொம்மைக்கு உடுப்பு வண்ணத்திலேயே தீட்டிவிடுவார்கள், உடுத்தும் வேலை கிடையாது. மரப்பாச்சிக்கு மட்டும் வீட்டில் யாராவது ஊசி நூல் எடுத்தாக வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்கத்தானே அத்தனை கூட்டம் கழுத்தை நீட்டுகிறது? பச்சைப் பட்டென்றால் நாடு செழிக்கும் என்று நம் விவசாயிகள் சந்தோஷப்படுவார்கள். அந்தத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு, சாமிக்குச் சாத்தும் துணி, தேருக்குத் தொம்பை, பள்ளிக்கூட ஆண்டுவிழா டிரெஸ் எல்லாம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தைத்தார்கள். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடியதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே ஒரு பெரியவரிடம் சிக்கல் வந்தபோது நான் போய்க் கேட்டேன். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது 200 செட்டுக்கு வருகிறேன்.

ஒன்பது பேர் தைத்தார்கள். பகலில் களையெடுப்பு, பால் கறவை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மெஷின் ஓடும். பத்தாம் நாள் 200 செட்டையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றாம் நாள் 64 திரும்பி வந்தது.

அதில் 41 சட்டை பொம்மையின் தலையில் நுழையவில்லை. கடைப் பையன் இழுத்ததில் சிலவற்றில் கழுத்து கிழிந்திருந்தது. மீதி 23 செட்டில் மெரூன் சாயம் பொம்மையின் வெள்ளை உடம்பில் ஏறிவிட்டது.

"என்னத்தா இது, மனுசிக்கு ஜாக்கெட் தச்சு குடுத்து ஒருத்தி திருப்பி அனுப்புனதில்ல, பொம்மை அனுப்பிருச்சே" என்று ஒரு பெரியம்மா சொன்னார்கள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த 64-ஐயும் பிரித்துத் தைத்த ராத்திரிகளுக்குக் கூலி யாரும் தரவில்லை.

தப்பு எங்கே என்று உட்கார்ந்து பார்த்தோம். டீச்சர் இந்தப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி அந்த 64 சட்டையில் இருந்து வந்தது. திரும்ப ஒருமுறை சொல்கிறேன், பரவாயில்லையா டீச்சர்?

முதலில் அளவு. பேட்டர்ன் காகிதத்தில் வந்தது, நாங்கள் பொம்மையை அளக்கவே இல்லை. பஞ்சு அடைத்தபின் துணி உடம்பு உப்பும். ஒரு பொம்மைக்கு இன்னொரு பொம்மை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதனால் காகிதத்தை நம்பாமல், அடைத்து முடித்த பொம்மையில் குண்டாக இருப்பதை எடுத்து அளக்க வேண்டும். மார்பு, இடுப்பு மட்டும் அளந்தால் போதாது. துணிப்பொம்மைக்குக் கழுத்து சின்னது, தலை பெரிது. நம்ம பொம்மைக்குக் கழுத்துச் சுற்றளவு 5 அங்குலம், தலை 11. பேட்டர்னில் கழுத்து 7 அங்குலம், முதுகில் 2 அங்குலம் திறப்பு. திறப்பை விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 4 கூடும், ஆக 11. கணக்குக்குச் சரிதானே என்று தோன்றும். வாழைநார் முடியை யார் கணக்கில் எடுத்தது?

வாழைநார் முடி நம்ம முடி மாதிரி அமுங்காது. மேலக்காலில் வாழைநாரைக் கயிறாகத் திரிக்கும் மெஷினை வடிவமைத்த முருகேசன் அவர்களின் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாரின் குணம் தெரியும். இழுவைக்கு நல்ல பலம். ஆனால் காய்ந்த நாரை மடக்கினால் நுனியில் உடையும். தலை வழியாகச் சட்டையை இழுத்து இழுத்துப் போட்டால் நாலு நாளில் பொம்மைக்குச் சொட்டை விழுந்துவிடும். ஆகவே சட்டை தலை வழியாகப் போகவே கூடாது. முதுகு முழுக்கத் திறப்பு வைத்து, முன்னாலிருந்து கையை நுழைத்துப் பின்னால் கட்டுகிற மாதிரி தைக்கலாம். கவுன் என்றால் கால் வழியாக ஏற்றுகிற மாதிரி இடுப்பை அகலமாக விடலாம். இந்த ஒரு மாற்றத்தில் எங்களுக்குப் பாதித் தலைவலி போய்விட்டது.

பின்னால் என்ன வைத்துக் கட்டுவது? வெல்க்ரோ வைத்துப் பார்த்தோம். சுலபம்தான். ஆனால் அந்த முள் பக்கம் நார் முடியைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அதுவும் பிளாஸ்டிக். நாரும் பஞ்சுமாகச் செய்த பொம்மையின் முதுகில் அதை ஒட்டுவானேன்? பட்டன், கொக்கி, ஜிகினா, மணி எதுவும் வேண்டாம். சின்னக் குழந்தை பிய்த்து வாயில் போட்டு விழுங்கிவிடும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையில் கழன்று வருகிற சின்னச் சாமானே இருக்கக் கூடாது. அதே துணியில் மெல்லிய நாடா தைத்து, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுகிற நீளம் மட்டும் விடுங்கள். அழகுக்கென்று நீளமாகத் தொங்கவிட்டால் பிள்ளை விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது சாயம். இதில் நம்ம மேல்தான் குற்றம். துணியை வெட்டும் முன் ஒருமுறை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயத் தண்ணீர் நிற்கும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டு வெட்ட வேண்டும். அலசிய துணியை வெள்ளைத் துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள், கறை இறங்கினால் இன்னொரு தண்ணீர். அப்படியும் நிற்காவிட்டால் அந்தத் துணி வேண்டாம் என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனுசி ஜாக்கெட் அரை அங்குலம் சுருங்கினால் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்வோம். பொம்மைச் சட்டையில் அரை அங்குலம் போனால் அது கைக்குட்டைதான்.

பிரிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம தையல்காரப் பெண்கள் எல்லோருக்கும் உள்ளே துணி தாராளமாக விட்டுத் தைக்கிற பழக்கம். அடுத்த வருஷம் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. பொம்மைக்கு உடம்பு போடாது, சகோதரிகளே. கால் அங்குலம் போதும். அதற்கு மேல் விட்டால் கக்கத்தில் திண்டு மாதிரி நிற்கும், கை இறங்கவே இறங்காது. கால் அங்குலம் விடும்போது ஓரத்தில் பிசிறு போகாமல் பார்க்க வேண்டும், அதனால் நெருக்கமான தையல். 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 11 போடுங்கள்.

கை வைப்பதில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். நமக்குப் பக்கத்தை மூட்டிவிட்டு, கையை வட்டமாகச் சுற்றிப் பொருத்திப் பழக்கம். 3 அங்குல வட்டத்தை மெஷின் காலடியில் சுற்ற முடியாது. புதுமண்டபத்துப் பெரியவரிடம் நான் போய்க் கேட்டது இதைத்தான். அவர் சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தோளை மூட்டு, கையை விரிச்ச மாதிரியே வச்சுத் தையி, அப்புறம் கை நுனியில ஆரம்பிச்சுப் பாவாடை இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டு" என்றார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை அவர் சொல்வதற்கு. நாங்கள் அதற்காக ஒரு வாரம் முட்டிக்கொண்டோம். கை அகலத்தையும் மணிக்கட்டில் அளக்காமல் உள்ளங்கையில் அளக்கச் சொன்னார். துணிப்பொம்மையின் கை நுனிதான் தடிமன்.

துணி தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 12 அங்குலப் பொம்மை 5 அடிப் பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. உடம்பு ஐந்தில் ஒன்றாகக் குறையும், துணியின் கனம் குறையாது. ஐந்தரை மீட்டர் சேலையை அதே கணக்கில் குறைத்தால் 43 அங்குல நீளம், 9 அங்குல அகலம் வரும். அதை அப்படியே சுற்றிப் பாருங்கள், பொம்மை கர்ப்பிணி மாதிரி நிற்கும். நாங்கள் 26 அங்குலம் எடுத்து, நாலு கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் நாடா வைத்தோம், குழந்தையே கட்டிவிடலாம். துணி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலை இருந்தால் விடாதீர்கள். பெரிய பூ, பெரிய கட்டம் எல்லாம் பொம்மைக்கு எடுபடாது. நம்ம ஊர்ச் சுங்குடி எடுபடும். அந்தப் புள்ளி சின்னது. சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிச் சாயத்தில் முக்கி எடுக்கிற புள்ளி. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்கு. சேலையின் வெட்டுத்துண்டு கிடைத்தால் பொம்மைப் பாவாடைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. மெரூன் மட்டும் அலசிவிட்டு வெட்டுங்கள்!

இன்னொன்று. சிலர் சட்டையைப் பொம்மை மேலேயே வைத்துத் தைத்துவிட்டால் வேலை குறையுமே என்று கேட்டீர்கள். குறையும். ஆனால் இலவம் பஞ்சுப் பொம்மையைத் தண்ணீரில் முக்கித் துவைக்க முடியாது. பஞ்சு கட்டிபிடிக்கும், உள்ளே காய நாளாகும். சட்டை கழற்றுகிற மாதிரி இருந்தால் சட்டையை மட்டும் துவைத்துப் போடலாம். தாய்மார்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, தொழில் பேசியாகிவிட்டது. பணத்துக்கு வருகிறேன்.

64-ஐயும் சரிசெய்து கொடுத்த பிறகு எங்களுக்கு 2,400 ரூபாய் கிடைத்தது. பிரித்துக் கொடுக்கும்போது ஒரு அக்கா வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க பாப்பா, நூலுக்கு ஆகும்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுவாரம் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு அந்த அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு செட்டுக்கு வெட்ட 5 நிமிஷம். மெஷினில் 22. திருப்பி இஸ்திரி போட 6. நாடா வைத்து, கையால் ஓரம் அடித்து, நூல் முனைகளைக் கத்தரிக்க 12. மொத்தம் 45 நிமிஷம். நான் உள்ளங்கையால் அளந்து "சின்னதுதானே" என்று நினைத்த சட்டை! பெரிய ரவிக்கையில் நேராக ஓடுகிற தையல் அதிகம், மெஷின் தானாக ஓடும். இதில் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நிறுத்தித் திருப்ப வேண்டும். கையால் செய்கிற வேலைதான் பாதி.

கணக்குப் போடுவோம். நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் சேர்த்துச் செட்டுக்கு 2 ரூபாய். பஸ் செலவைப் பிரித்தால் 1 ரூபாய் 60 காசு. 12-இல் அது போக மிஞ்சியது 8 ரூபாய் 40 காசு. 45 நிமிஷத்துக்கு அது கூலி. 8 மணி நேரம் தைத்தால் 90 ரூபாய்கூட வராது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ராத்திரி கண் எரிய ஊசி கோத்ததற்கு மண்வெட்டி வேலையில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்திருக்கிறேன் நான். திரும்பி வந்த 64-ஐ அதில் சேர்க்கவில்லை.

அதன்பிறகு வேலையை மாற்றினோம். பத்துத் துணியை அடுக்கி ஒரே வெட்டு. ஒருவர் வெட்ட, இருவர் மெஷின், ஒருவர் இஸ்திரி, மற்றவர்கள் கைவேலை. பெரியவர் சொன்ன மாதிரி கை வைத்தோம். இப்போது வெட்ட 2, மெஷின் 18, இஸ்திரி 4, கைவேலை 8, ஆக 32 நிமிஷம். 336-ஐ 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. 32 நிமிஷத்துக்கு 22 ரூபாய் 40 காசு. நூலும் பஸ்ஸும் 3.60. குழுவின் பொது நிதிக்கும் கழித்துக்கட்டுகிற துணிக்குமாக 2. மொத்தம் 28 ரூபாய். இதுதான் நம்ம கணக்கு. அதில் லாபம் என்று எதுவும் இல்லை, கவனியுங்கள், வெறும் கூலி.

இந்தக் காகிதத்தோடு கடைக்காரரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் படித்தார். "மேடம், பொம்மைச் சட்டைக்கு நேரம் வச்சுப் பார்த்து யாரும் என்கிட்ட கணக்குக் காட்டினதில்ல" என்றார். அவரும் அவர் கணக்கைச் சொன்னார், வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் கிடக்கிற சரக்கு. கடைசியில் 20 ரூபாய்க்கு வந்து நின்றார். 300 செட். நான் இந்தமுறை தலையாட்டவில்லை. குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மற்ற ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கடுத்த வருஷம் புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லில் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதி என்பவர் நடத்துவது, மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்த பெண்கள் கையில் ஊசியை எடுத்தார்கள். பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயர். அதை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் விரும்பியதைக் கொடுக்கலாம். அப்படியே பல நாடுகளுக்குப் போனது. நான் அதில் கவனித்தது ஒன்று. பொம்மையை இலவசமாகக் கொடுத்தார்கள், ஆனால் செய்த பெண்களுக்கு அது வருமானமாக இருந்தது. நீலகிரியில் இந்தியன் யார்ட்ஸ் என்ற அமைப்பில் மலைவாழ் பெண்கள் மிச்சத்துணியில் பொம்மையும் அதன் உடுப்பும் சேர்த்தே தைக்கிறார்கள். பொம்மையை ஓரிடத்திலும் சட்டையை ஓரிடத்திலும் பிரித்துக் கொடுத்தால் சட்டை தைக்கிறவளுக்குப் பேரம் பேச இடமே இருக்காது. முழுப்பொம்மையும் நம் கையில் இருந்தால் விலையை நாம் சொல்லலாம். இது என் அபிப்பிராயம். தலைவி அவர்களுக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது, முதலீடு யார் போடுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் முழுப்பொம்மை என்று போனால் சட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு 2020-இல் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்து 2021 ஜனவரி 1 முதல் அமல்படுத்தியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்குக் கொடுப்பதுதான் பெஹ்சான் அடையாள அட்டை. குழுவின் பெயரில் கிடைக்காது, ஆளுக்கு ஆள் எடுக்க வேண்டும். யார் யாருக்கு வேண்டும் என்று ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள், விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன். விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பட்டனும் ஜிகினாவும் வைத்துவிடாதீர்கள். விழுங்குகிற பிள்ளைக்கு அட்டை தெரியாது.

இன்னொரு வழியும் தெரிந்தது. போன கண்காட்சியில் நம்ம ஸ்டாலில் சாம்பிளுக்கு என்று பத்துப் பொம்மைச் சட்டை தொங்கவிட்டிருந்தோம், சொந்த வெட்டுத்துணியில் தைத்தது. பொம்மையை வாங்க வந்தவர்களைவிட, "இந்தச் சட்டை மட்டும் தனியா கிடைக்குமா, எங்க வீட்டுப் பொம்மைக்குப் போடணும்" என்று கேட்டவர்கள் அதிகம். விலையே ஒட்டவில்லை நாங்கள். ஒரு அக்கா துணிந்து 80 ரூபாய் என்றார்கள். மத்தியானத்துக்குள் பத்தும் போய்விட்டது. ஆனால் கண்காட்சி வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். 300 செட் ஆர்டர் மாதிரி கையில் பணம் வராது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது 20 ரூபாய் ஆர்டரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். 20-இல் செலவும் பொது நிதியும் 5.60 போக மிஞ்சுவது 14 ரூபாய் 40 காசு. மணிக்கு 27. எட்டு மணி நேரத்துக்கு 216. முன்னால் வந்த 90-ஐவிட எவ்வளவோ மேல். 336-க்கு இன்னும் 120 குறைவு. "கைவேலை இல்லாத மாசத்துல 216-ம் பணம்தானே பாப்பா" என்று ஒரு அக்கா சொன்னார்கள். "இப்ப 20-க்கு ஒத்துக்கிட்டா எப்பவும் 20-தான்" என்று இன்னொரு அக்கா சொன்னார்கள். இருவர் சொல்வதிலும் எனக்கு மறுப்பு இல்லை. பொது நிதிக்கான 2 ரூபாயை இந்த ஒரு ஆர்டருக்கு விட்டுக்கொடுக்கலாமா, 300-க்குப் பதில் 100 மட்டும் எடுக்கலாமா, சாயம் போகிற துணி திரும்பினால் செலவு கடையைச் சேர்ந்தது என்று எழுதி வாங்கலாமா, இதெல்லாம் நீங்கள் பேச வேண்டியது.

ஆர்டர் காகிதம் என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. டீ குடித்துவிட்டு வட்டமாக உட்காருவோம், ஊக்குநர் அக்கா தீர்மானப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.